கொக்குவில் ஒழுங்கைக்கும் ஏ9 வீதிக்கும் எந்த ஸ்விஃப்ட்: ஆர்எஸ்ஸா, ஸ்போர்ட்டா?

தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். வீடு கொக்குவில், வேலை யாழ் நகரத்தில். மாதத்தில் ஒரு தடவை கொழும்புக்குப் போய்வர வேண்டும். மனைவியும் ஓட்டுவார். சின்னப் பிள்ளை ஒன்று, பின் சீற்றில் முழங்கால் வருத்தத்தோடு அப்பா. இவ்வளவும் இருந்தும் 'மிதித்தால் ஓடுகிற' கார் ஒன்று வேண்டும் என்ற ஆசை விடவில்லை. பார்த்து வைத்திருப்பவை எல்லாம் ஜப்பானில் இருந்து வந்த சுசுகி ஸ்விஃப்ட்கள்: பழைய ஸ்போர்ட் (32எஸ், 1.6 லீற்றர்), அதற்குப் பிந்திய ஸ்போர்ட் (33எஸ், 1.4 டர்போ), 1.0 டர்போ ஆர்எஸ். இவற்றோடு 'இதுவும் ஆர்எஸ்தான்' என்று சொல்லி ஒரு விற்பனையாளர் ஹைபிரிட் ஒன்றையும் காட்டியிருக்கிறார். எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டு நிலைமைக்கு 1.0 டர்போ ஆர்எஸ்ஸை எடுங்கள். 33 ஸ்போர்ட்டை எடுப்பதென்றால் சில நிபந்தனைகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன். 32 ஸ்போர்ட்டை இரண்டாவது காராக வைத்திருக்க வசதி உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம். ஏன் என்று இனி விபரமாகப் பார்ப்போம்.

விற்பவர்கள் எப்போதும் குதிரைவலுவைத்தான் முதலில் சொல்வார்கள். 33 ஸ்போர்ட்டுக்கு 140, 32 ஸ்போர்ட்டுக்கு 136, ஆர்எஸ் டர்போவுக்கு 102, ஹைபிரிட் ஆர்எஸ்ஸுக்கு 91. இதை மட்டும் பார்த்தால் இரண்டு ஸ்போர்ட்டும் ஒரு பக்கம், ஆர்எஸ்கள் மறுபக்கம் என்று தோன்றும். ஆனால் அந்த 136 குதிரைவலு 32 ஸ்போர்ட்டில் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள்: நிமிடத்துக்கு 6900 சுழற்சியில். மனுவல் காரில் இரண்டாவது கியரில் அந்தச் சுழற்சிக்குப் போனால் வேகம் 90ஐத் தாண்டிவிடும். எங்கள் நாட்டில் கார்களுக்கு ஊருக்குள் 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 என்பதுதான் எல்லை. அதிவேகப் பாதை எதுவும் யாழ்ப்பாணம் வரை வரவில்லை. ஆக அந்த எஞ்சினின் இனிமையான பகுதியைக் கேட்க வேண்டுமென்றால் இரண்டாவது கியரிலேயே சட்டத்தை மீற வேண்டும். மீறாமல் ஓட்டினால் அது சாதாரண 1.6 கார், இறுக்கமான சஸ்பென்ஷனோடு.

நாளாந்த ஓட்டத்தில் காலுக்குக் கீழே உணர்வது இழுவையை, அதாவது முறுக்குவிசையை. அதுவும் எந்தச் சுழற்சியில் வருகிறது என்பது முக்கியம். 32 ஸ்போர்ட்டின் 160 நியூட்டன் மீற்றர் 4400 சுழற்சியில் வருகிறது. ஆர்எஸ் டர்போவின் 150 நியூட்டன் மீற்றர் 1700 சுழற்சியிலேயே வந்து 4500 வரை அப்படியே நிற்கிறது. 33 ஸ்போர்ட் 2500 முதல் 3500 வரை 230 தருகிறது. ஹைபிரிட் ஆர்எஸ்ஸின் எஞ்சினுக்கு 118, அதுவும் 4400 சுழற்சியில். இனி எடையையும் சேர்த்துப் பாருங்கள். 32 ஸ்போர்ட் மனுவல் 1050 கிலோ, ஆர்எஸ் டர்போ 930 கிலோ, 33 ஸ்போர்ட் ஓட்டோ கியர் 990 கிலோ, ஹைபிரிட் ஆர்எஸ் 910 கிலோ. ஒரு தொன் எடைக்கு எவ்வளவு இழுவை என்று வகுத்தால், ஹைபிரிட்டுக்கு 130 அளவில், 32 ஸ்போர்ட்டுக்கு 152, ஆர்எஸ் டர்போவுக்கு 161, 33 ஸ்போர்ட்டுக்கு 232. ஸ்போர்ட் என்று பெயர் எழுதிய பழைய காரைவிட, 996 சிசி மூன்று சிலிண்டர் ஆர்எஸ் இந்தக் கணக்கில் முன்னுக்கு நிற்கிறது. அதோடு அந்த இழுவை பாதிச் சுழற்சிக்கும் கீழேயே கைக்கு வந்துவிடுகிறது. கணக்குக் கொஞ்சம் கூடிவிட்டது, ஆனால் முடிவு எதில் இருந்து வந்தது என்று தெரிய வேண்டுமே.

இதை ஏ9 இல் வைத்துப் பாருங்கள். ஆனையிறவு தாண்டிப் பரந்தன் பக்கம் போகிறீர்கள், முன்னால் மணல் ஏற்றிய டிப்பர் 50இல் போகிறது, எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் வெளித்திருக்கிறது. உங்களுக்குத் தேவை 50இல் இருந்து 70க்குத் தாமதமில்லாமல் போவது. 33 ஸ்போர்ட் மனுவலில் மூன்றாவது கியரில் 50 என்பது ஏறத்தாழ 2500 சுழற்சி. அதன் முழு இழுவையும் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது, கியர் மாற்றவே தேவையில்லை. ஆர்எஸ் டர்போவும் அந்த வேகத்தில் உயிரோடுதான் இருக்கும், ஓட்டோ கியர் ஒரு படி இறங்கினால் போதும். 32 ஸ்போர்ட்டில் இரண்டு கியர் இறக்கி எஞ்சினைக் கத்தவிட்டு எடுக்க வேண்டும். தனியே போகும்போது அது ஒரு சுகம்தான், மறுக்கவில்லை. பின்னால் அப்பாவும் நித்திரையில் பிள்ளையும் இருக்கும்போது அப்படியல்ல. நான்கு பேரும் சாமான்களுமாக ஒரு முந்நூறு கிலோ கூடினால் இந்த வித்தியாசம் இன்னும் தெரியும்.

32 ஸ்போர்ட்டில் சிவிடி கியர் (படிப்படியாக மாறாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும் ஓட்டோ) உள்ளதை யாராவது காட்டினால் இன்னும் யோசியுங்கள். அந்தக் காரில் விரும்பத்தக்கது உயரச் சுழற்சியில் போகும் எஞ்சினும் ஆறு கியர் மனுவலும். சிவிடியைப் போட்டதும் இரண்டில் ஒன்று போய்விடுகிறது.

அடுத்தது பெற்றோல். இதைப் பலர் கேட்பதே இல்லை, வாங்கிய பிறகு வந்து கேட்கிறார்கள். ஜப்பானில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் ஆகக் குறைந்தது 89, உயர்தரத்துக்கு 96. ஆர்எஸ் டர்போவும் ஹைபிரிட்டும் அங்கே சாதாரண பெற்றோலுக்கென்றே அமைக்கப்பட்டவை. ஆகவே எங்கள் 92 அவற்றுக்குத் தாராளம். இரண்டு ஸ்போர்ட்டும் உயர்தர பெற்றோல் கேட்பவை, எங்களிடம் இருப்பதில் 95தான் அவற்றுக்கு அண்மையானது. 92 போட்டால் உடனே எஞ்சின் உடைந்துவிடாது. எஞ்சின் தட்டுவதை உணரும் நொக் சென்சர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளிக் காப்பாற்றும். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இழுவையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும், வெயில் நாளில் பாரத்தோடு போகும்போது இன்னும் கூடுதலாக எடுக்கும். டர்போவில் இது இரட்டிப்புக் கவனம் வேண்டிய விடயம். 95 எல்லா பெற்றோல் செட்டிலும் இருப்பதில்லை. எங்கே நிச்சயமாகக் கிடைக்கும் என்று உங்கள் பக்கத்து செட்களில் விசாரித்த பிறகுதான் ஸ்போர்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். 33 ஸ்போர்ட்டின் பெற்றோல் தாங்கி 37 லீற்றர்தான். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்பதால், வெளிக்கிடும்போது நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

பெற்றோல் செலவு பற்றி ஒரு வரி: ஜப்பானின் ஜேசி08 சோதனையில் ஹைபிரிட் ஆர்எஸ் லீற்றருக்கு 27.4, ஆர்எஸ் டர்போ 20.0, 33 ஸ்போர்ட் ஓட்டோ 16.2 கிலோமீற்றர். எங்கள் வீதியில் இந்த எண்கள் எதுவும் வராது. வரிசை மட்டும் மாறாது.

சரி, இனி ஒழுங்கைக்கு வருவோம். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்து ஒழுங்கைகள் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் மதில், திருப்பத்தில் ஒரு மின்கம்பம், எதிரே ஒரு முச்சக்கரவண்டி. சாதாரண ஸ்விஃப்டும் ஆர்எஸ்ஸும் திரும்பும் ஆகக் குறைந்த ஆரை 4.8 மீற்றர், 33 ஸ்போர்ட்டுக்கு 5.1. அகலம் 1695க்குப் பதில் 1735 மில்லிமீற்றர். தாளில் இது ஒன்றுமில்லாத மாதிரித் தெரியும். கேற்றுக்குள் ஒரே தடவையில் திருப்புவதா, பின்னுக்கு எடுத்து இன்னொரு தடவை திருப்புவதா என்பதை இந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன. நாளுக்கு நாலு தடவை இதைச் செய்யப்போவது நீங்களும் உங்கள் மனைவியும். முற்பணம் கொடுக்கும் முன் இரண்டு பேரும் காரை உங்கள் சொந்த ஒழுங்கைக்குக் கொண்டுவந்து கேற்றுக்குள் விட்டுப் பாருங்கள். பிரதான வீதியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதைவிட இது கூடச் சொல்லும்.

நிலத்துக்கும் காருக்கும் இடையில் உள்ள உயரத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 'ஸ்விஃப்டுக்கு 163 மில்லிமீற்றர் உயரம் அண்ணை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது இந்தியாவில் விற்கும் ஸ்விஃப்ட், அங்கத்தைய வீதிகளுக்காக உயர்த்தியது. ஜப்பானில் இருந்து வரும் இரு சக்கர இழுவை ஸ்விஃப்டுக்குக் கைநூலில் உள்ளது 120 மில்லிமீற்றர். 33 ஸ்போர்ட்டுக்கும் 120, ஆர்எஸ்ஸுக்கும் 120. ஆர்எஸ் உயரமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வித்தியாசம் பம்பரில் இருக்கிறது. ஸ்போர்ட்டின் முன்பம்பர் இன்னும் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும், உதடு மாதிரிப் பதிந்த விளிம்போடு. காங்கேசன்துறைப் பாதையின் ரயில்வே கடவைகளிலும் பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் உள்ள வேகத்தடைகளிலும் முதலில் தட்டுவது அந்த விளிம்புதான். ஆர்எஸ்ஸிலும் தட்டும், குறைவாகத் தட்டும். நாலு பேர் ஏறினால் எந்தக் காரும் இன்னும் இறங்கும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

என்னைக் கேட்டால் இந்தத் தெரிவில் ஆகப் பெரிய விடயம் ரயர்தான். ஆர்எஸ்ஸுக்கு 185/55 16 அங்குலம் (ரயரின் அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 55 வீதம், றிம் 16 அங்குலம்), இரண்டு ஸ்போர்ட்டுக்கும் 195/45 17 அங்குலம். கணக்குப் பார்த்தால் ஆர்எஸ் ரயரின் பக்கச்சுவர் 102 மில்லிமீற்றர், ஸ்போர்ட்டில் 88. இந்த 14 மில்லிமீற்றர் றப்பர்தான் பள்ளத்துக்கும் றிம்முக்கும் இடையில் நிற்கிற மெத்தை. நகரத்துக்குள் தார் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர்க் குழாய்க்கென்று வெட்டி மூடிய கோடுகளும், தார் முடிந்து கரை இறங்கும் இடங்களும், உள்ளூர் வீதிகளின் சுண்ணக்கல் விளிம்புகளும் இன்னும் இருக்கின்றன. எதிரே பஸ் வந்தால் நீங்கள்தான் கரைக்கு இறங்க வேண்டும். 17 அங்குல ரயர் அந்த விளிம்பில் இறங்கினால் பக்கச்சுவர் வெடிக்கவோ றிம் வளையவோ வாய்ப்பு அதிகம்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்தக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பின்பெட்டிக்குக் கீழே ஒரு சிறிய காற்றடிக்கும் பம்பும் பசைப் போத்தலும்தான் இருக்கும். ஆணி குத்தினால் பசை அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. இரவு ஒன்பது மணிக்கு மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் 195/45 17 ரயர் தேடுவதை நினைத்துப் பாருங்கள். 185/55 16 சாதாரண கார்கள் பலவற்றுக்கும் போடும் அளவு, கடைகளில் தேடி எடுப்பது சுலபம். எந்தக் காரை எடுத்தாலும் பொருந்தக்கூடிய ஒரு பழைய சக்கரத்தையும் ஜக்கையும் வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். பின்பெட்டியில் இடம் போகும், பரவாயில்லை. பொருந்தக்கூடிய என்று சொன்னேன், கவனியுங்கள்: ஆர்எஸ்ஸில் சக்கரத்துக்கு நான்கு போல்ட், 100 மில்லிமீற்றர் வட்டம். ஸ்போர்ட்டில் ஐந்து போல்ட், 114.3 மில்லிமீற்றர். 'ஸ்விஃப்ட் சக்கரம்தானே' என்று ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்ற முடியாது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு ஆர்எஸ்ஸிலும் 33 ஸ்போர்ட்டிலும் பின் சீற் ஒரே அளவுதான், முன் பின் சக்கர இடைவெளி 2450 மில்லிமீற்றர் மூன்றுக்கும் பொது. முழங்கால் நோகிறவரைப் பின்னால் விடாமல் முன் சீற்றில் இருத்துவதுதான் நல்லது. அங்கேதான் வித்தியாசம் வருகிறது. ஸ்போர்ட்டின் முன் சீற்றுகளுக்கு இரண்டு பக்கமும் உயர்ந்த அணைப்புகள் உண்டு, வளைவில் உடம்பைப் பிடிப்பதற்கு. வயதானவர் இறங்கும்போது தொடை அதில் தடக்கும், கையை ஊன்றி எழும்ப வேண்டிவரும். ஆர்எஸ்ஸில் சீற் தட்டையானது. இதற்கும் ஒரு வழி இருக்கிறது: அப்பாவையே கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

மனுவலா ஓட்டோவா என்பதில் எனக்குப் பெரிய வாதம் இல்லை. மனைவி மனுவலில் பழகியிருந்தால் 33 ஸ்போர்ட் மனுவல் ஒரு அருமையான பொருள். பழகவில்லையென்றால் ஓட்டோ எடுங்கள். ஆர்எஸ் டர்போவிலும் 33 ஸ்போர்ட்டிலும் வருவது வழமையான ஆறு கியர் ஓட்டோ, சிவிடி அல்ல. பாரத்துக்கும் வெயிலுக்கும் நம்பிக்கையானது. ஹைபிரிட்டில் ஓட்டோ என்றால் சிவிடி.

இப்போது அந்த ஹைபிரிட். விளம்பரங்களில் 'ஸ்விஃப்ட் ஆர்எஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் பாதி நேரம் அது இதுவாகத்தான் இருக்கும். 1242 சிசி எஞ்சின், அதோடு ஜெனரேற்றரே சிறிய மோட்டராகவும் வேலை செய்யும் ஏற்பாடு. மின்சாரத்தில் தனியே ஓடாது, புறப்படும்போது சின்னத் தள்ளு ஒன்று கொடுக்கும், அவ்வளவுதான். நல்ல கார், பெற்றோல் குறைவாகக் குடிக்கும், சஸ்பென்ஷன் டர்போ ஆர்எஸ் மாதிரியே. நகரத்துக்குள் மட்டும் ஓடுபவர் என்றால் நானே இதைத்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் கேட்டது வேகம். சிஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) எஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள்: 996 என்றால் டர்போ, 1242 என்றால் டர்போ இல்லை. சேசி எண்ணும் சொல்லும், டர்போ இசட்சி13எஸ், ஹைபிரிட் இசட்சி53எஸ். ஸ்ரிக்கரையோ பின்கதவு எழுத்தையோ நம்பி விலை பேசக்கூடாது.

டர்போ என்றால் பராமரிப்பு பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, சோம்பல்தான் கூடாது. இரண்டு டர்போ எஞ்சினும் பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிப்பவை. கொக்குவிலில் இருந்து நகரத்துக்கு நாலைந்து கிலோமீற்றர் ஓடி நிறுத்துவது இந்த வகை எஞ்சினுக்கு நல்ல வாழ்க்கை அல்ல. எங்கள் வெயிலில் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) விரைவில் சூடாகிவிடும், ஆனால் எஞ்சின் ஒயில் அவ்வளவு விரைவாகச் சூடாகாது. அதற்குள் எரியாத பெற்றோல் கொஞ்சம் ஒயிலில் கலக்கும், வால்வுகளில் கரியும் படியும். ஐயாயிரம் கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றிவிடுங்கள். உங்கள் மாதாந்தக் கொழும்புப் பயணம் இந்த விடயத்தில் காருக்கு மருந்து. நீண்ட ஓட்டத்தில் கலந்த பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். ஓடி வந்ததும் உடனே நிறுத்தாமல் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள், டர்போவின் பெயறிங்குக்கு நல்லது.

யாழ்ப்பாணத்துக்கென்று இரண்டு விடயம். ஒன்று, ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற யாரையும் விடாதீர்கள். சில கராச்சுகளில் இன்னும் வாளியோடு வருவார்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல், தண்ணீரில் கல்சியம் நிறைய. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் ரேடியேற்றரின் குழாய்க்குள்ளும் படியும். டர்போவும் கூலன்றால்தான் குளிர்கிறது என்பதால் அடைப்பு வந்தால் செலவு இரண்டு மடங்கு. போத்தலில் வரும் கூலன்ற், அல்லது அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து. மற்றது உப்பு. பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கோ பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கோ அடிக்கடி போகிறவர் என்றால் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாங்கும்போதும் அடியைப் பாருங்கள். ஜப்பானில் பனி விழும் பிரதேசத்தில் ஓடிய கார்களும் வருகின்றன, அங்கே வீதியில் உப்புப் போடுவார்கள்.

சாமான் விடயத்தில் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் போன்றவை கிடைக்கும். சாதாரண ஸ்விஃப்டோடு பொருந்துபவை நிறைய என்பதால் ஆர்எஸ்ஸுக்கு இங்கேயே தேடலாம். ஸ்போர்ட்டின் முன்பம்பர், கிறில், பக்கப் பாவாடை எல்லாம் தனி வகை. ஒன்று உடைந்தால் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் விசாரித்து, இல்லையென்றால் ஜப்பானில் இருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். முழுக் காப்புறுதி எடுக்கும்போது இதையும் மனதில் வைத்திருங்கள்.

பழைய கார் பார்க்கும்போது ஜப்பானின் ஏல அறிக்கையைக் கேளுங்கள். கொப்பியைக் காட்டினால் போதாது, சேசி எண்ணைக் கொடுத்து நீங்களே சரிபார்க்க வேண்டும். தரம் 'ஆர்' என்றோ 'ஆர்ஏ' என்றோ இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். ஸ்போர்ட் வகைகளில் இதற்கு வாய்ப்பு அதிகம், வாங்குகிறவர்கள் ஓட்டுகிற விதம் அப்படி. ஸ்பிரிங் வெட்டியோ மாற்றியோ பதித்த கார், எஞ்சின் கணினியில் கைவைத்த கார், பெரிய சத்தம் போடும் சைலன்சர் மாட்டிய கார் எதையும் எடுக்க வேண்டாம். 'பிறகு பழையபடி மாற்றலாம்' என்பார்கள். பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டால் மௌனமாகிவிடுவார்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். வெளிநாட்டில் இருக்கும் ஆட்கள் வாங்கி வீட்டில் நிறுத்திவைத்த கார்கள் இங்கே நிறைய. மீற்றரில் ஓட்டம் குறைவு என்று மகிழ்ந்து எடுப்பார்கள், ரயர், பற்றரி, பிரேக் ஒயில், குழாய் றப்பர் எல்லாம் நின்ற இடத்திலேயே கிழமாகியிருக்கும்.

ஆர்எஸ் டர்போவில் ஒரு குறை இருக்கிறது, அது வயது. சுசுகி 2020 மே மாதம் ஸ்விஃப்டைப் புதுப்பித்தபோது இந்த டர்போ ஆர்எஸ்ஸை நிறுத்திவிட்டது. எங்கள் நாட்டில் வாகன இறக்குமதி அதே வருடம் மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே இங்கே இருப்பவை பெரும்பாலும் 2017 தொடக்கம் 2020 வரையான கார்கள். தேடும் ஆட்கள் கூட, கார் குறைவு. நல்லது ஒன்று கண்ணில் பட்டால் ஒரு வாரம் யோசிக்க வேண்டாம். 33 ஸ்போர்ட்டும் முடிந்துவிட்ட கதைதான், 2025இல் 'ஃபைனல் எடிஷன்' என்று ஒன்றைப் போட்டு முடித்தார்கள். 2023 கடைசியில் ஜப்பானில் வந்த புதிய ஸ்விஃப்டின் 1.2 எஞ்சினுக்கு 82 குதிரைவலுதான். அது உங்கள் கேள்விக்குள் வராது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மனம் ஸ்போர்ட்டில்தான் நிற்கிறது என்றால், அது எனக்கு விளங்காத விடயம் இல்லை. 230 நியூட்டன் மீற்றர் ஒரு தொன்னுக்கும் குறைவான காரில் என்பது சும்மா அல்ல, ஸ்ரியரிங்கைத் திருப்பிய உடனேயே அது வேறு கார் என்று தெரியும். 33ஐ எடுங்கள், 32ஐ அல்ல. 95 கிடைக்கும் செட் பக்கத்தில் இருக்க வேண்டும். 16 அங்குல றிம் ஒரு செற் தேடுங்கள், ஐந்து போல்ட், 114.3. முன் பிரேக் கலிப்பரில் முட்டாமல் இருக்கிறதா என்று போட்டுச் சுற்றிப் பார்த்தே காசு கொடுங்கள். அதில் 185/55 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் பழையதோடு மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசப்படும், வேகமானியும் குழம்பாது. பழைய 17ஐ வீட்டில் வைத்திருங்கள், விற்கும்போது கேட்பார்கள். இப்படிச் செய்தால் ஸ்போர்ட்டின் குறையில் பாதி போய்விடும். மிச்சம் அப்பாவின் சீற்றும் கேற்றில் திருப்புவதும். அதை வீட்டில் பேசித்தான் முடிக்க வேண்டும்.

கடைசியாக அந்த மஞ்சள் நிறம். ஸ்போர்ட்டுக்கு மட்டும் வருவது, அழகுதான். சிறிய கீறல் விழுந்தாலும் அந்த நிறத்தைக் கலந்து பக்கத்துக் கதவோடு பொருத்துவது எல்லாப் பெயின்ற் கடைக்காரராலும் முடியாது. வெள்ளையிலும் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.